துப்பாக்கிக் குழலை அளந்த மேதை ஜோசப் விட்வொர்த்



விஞ்ஞானி என்றாலே எல்லாரும் எடிசன், நியூட்டன் என்றுதான் எழுதுகிறோம். அதனால் இந்த மாதம் நான் ஒரு பட்டறைக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் சர் ஜோசப் விட்வொர்த்.

பிறப்பும் இளமையும்

இவர் 1803 டிசம்பர் 21-இல் இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். 14 வயதில், அதாவது நம்ம ஒன்பதாம் வகுப்பு வயசில், மாமாவின் பஞ்சு மில்லில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். மில்லின் கணக்கு வழக்கில் அவருக்கு மனசு ஒட்டவில்லை. அங்கே ஓடிய இயந்திரங்கள்தான் பிடித்தன. சில வருஷத்தில் யாரிடமும் சொல்லாமல் மான்செஸ்டருக்குப் போய் மெக்கானிக் ஆனார். 1825-இல் லண்டன் சென்று, மாட்ஸ்லே என்ற பெரிய இயந்திர வல்லுநரின் பட்டறையில் வேலை பார்த்தார்.

மூன்று தகடுகள்

அந்தக் காலத்தில் முழுக்கச் சமமான ஓர் இரும்புத் தகடு செய்வதே கஷ்டம். இரண்டு தகடுகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்ப்பார்கள். ஒன்று மேடாகவும் இன்னொன்று குழியாகவும் இருந்தாலும் இரண்டும் நல்லாப் பொருந்திவிடும்! பார்க்கிறவர் சரி என்று ஏமாந்துபோவார். விட்வொர்த் மூன்று தகடுகளை எடுத்து, மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார். மேடு தெரிந்த இடத்தை மட்டும் கையால் சுரண்டினார். மூன்றும் எப்படி வைத்தாலும் பொருந்தினால்தான் சமம். இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது.

1833-இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை வைத்தார். அப்போது ஒவ்வொரு பட்டறையிலும் போல்ட்டுக்கு வேற வேற மரை. ஒரு பட்டறை போல்ட் இன்னொரு பட்டறை நட்டில் ஏறாது. இவர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து, 1841-இல் எல்லாருக்கும் ஒரே மரை அளவைச் சொன்னார். மரையின் கோணம் 55 டிகிரி. பிறகு, ஓர் அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் கருவியையும் செய்தார்.

குண்டும் குழலும்

1854-இல், என்ஃபீல்டு துப்பாக்கி செய்வதற்கு இயந்திரங்கள் வடிவமைக்கச் சொல்லி அரசாங்கம் இவரைக் கேட்டது. ஒரு துப்பாக்கி நல்லாச் சுடுகிறது, அதே மாதிரி இன்னொன்று ஏன் சுடவில்லை என்பது முதலில் தெரியணும் என்று இவர் நினைத்தார்.

என்ஃபீல்டின் குழல் துவாரம் 0.577 அங்குலம். ஈயக்குண்டு முதலில் 0.568 அங்குலம். குண்டை வாய்ப்பக்கமாக விட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். தொடர்ந்து சுட்டால் குழலில் கரி படியும், குண்டு இறங்குவது கஷ்டமாகும். அதனால் 1859-இல் குண்டை 0.550 ஆகக் குறைத்தார்கள். சின்னக் குண்டு பெரிய குழலில் லொடலொடவென்று இருக்குமே? அதற்காகக் குண்டின் அடியில் குழி விட்டிருந்தார்கள். மருந்து வெடிக்கும்போது அந்தக் குழி விரிந்து, மெதுவான ஈயம் குழலின் வரிப்பள்ளங்களில் போய் அழுந்தும். அப்போதுதான் குண்டு சுழன்றுகொண்டு போகும். சுழன்றால்தான் நேராகப் போகும். இந்தக் குண்டைச் சுற்றி வந்ததுதான் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா. 1857 பாடத்தில், சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த தோட்டா என்று படித்தோமே, அதேதான்!

விட்வொர்த் தன் வீட்டுத் தோட்டத்தில் 500 கெஜம் நீளத்துக்கு ஒரு கொட்டகை போட்டார். புயல் அடித்து அது விழுந்தது. மறுபடி கட்டினார். உள்ளே வரிசையாக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். ஓட்டை விழுந்த இடங்களைப் பார்த்தே குண்டு எப்படிப் போகிறது என்று கண்டுபிடித்தார். கடைசியில் குழலையே அறுகோணமாகச் செய்து, அதற்கு அச்சாகப் பொருந்தும் அறுகோணக் குண்டும் செய்தார். குழல் 0.451 அங்குலம்தான். குண்டு ஒரு முழுச் சுற்று சுற்ற என்ஃபீல்டில் 78 அங்குலம் ஆகும், இதில் 20 அங்குலமே போதும்.

1857-இல் ஹைத் என்ற ஊரில் போட்டி வைத்தார்கள். 500 கெஜத்தில் என்ஃபீல்டு சராசரியாக 2.24 அடி விலகியது, விட்வொர்த் 0.37 அடிதான். 1860-இல் விக்டோரியா மகாராணியே இந்தத் துப்பாக்கியின் விசையைக் கயிற்றால் இழுத்து, 400 கெஜத்தில் நடுப்புள்ளி அருகே சுட்டார்.

ஆனாலும் ராணுவம் இதைப் பொதுத் துப்பாக்கியாக ஏற்கவில்லை. விலை பல மடங்கு. சின்னக் குழலில் கரியும் சீக்கிரம் அடைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படையினர் கொஞ்சம் வாங்கினார்கள். 1864-இல் செட்ஜ்விக் என்ற தளபதி தூரத்திலிருந்து சுடப்பட்டு இறந்தது இந்தத் துப்பாக்கியால்தான் என்று சொல்கிறார்கள்.

என் கருத்து

துப்பாக்கியைப் பற்றி எழுதலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். எனக்கும் அந்த இடம் உறுத்தலாகத்தான் இருந்தது. மரையைச் சரிசெய்த அதே அளவுகோல்தான் ஆளைக் கொல்லும் குண்டையும் சரிசெய்தது. அளவுகோலுக்கு நல்லது கெட்டது தெரியாது, பிடித்திருக்கிறவருக்குத்தான் தெரியணும். ஆனால் துப்பாக்கி கொண்டுவந்த பேரைவிட, போல்ட்டும் நட்டும் கொண்டுவந்த பேர்தான் நிலைத்தது.

மறைவு

1868-இல் இளைஞர்கள் இயந்திரவியல் படிக்க ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளை ஏற்படுத்தினார். விட்வொர்த் உதவித்தொகை இன்றும் தரப்படுகிறது. 1887 ஜனவரி 22-இல் மான்டி கார்லோவில் காலமானார். அவருக்குக் குழந்தைகள் இல்லை.

உங்களுக்குத் தெரியுமா?

தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் ஜி.ஐ. பைப்பின் மரை இன்னும் விட்வொர்த்தின் 55 டிகிரி மரைதான். அடுத்த தடவை பிளம்பர் குழாயைக் கழற்றினால் மரையைக் கிட்டப் போய்ப் பாருங்கள்!



ஒன்பதாம் வகுப்பு மாணவி