டேவிட் வீலர்: லைப்ரரிக்கு முதல் அலமாரி போட்டவர்

ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. பூதலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு மண்டி விலையைக் காட்டுற ஒரு ஆப் பண்றோம்னு வச்சுக்குவோம். மத்திய அரசின் திறந்த தரவுத் தளம் அந்த விலைகளை ஏபிஐ வழியாகத் தருகிறது. கேட்க ஒரு கீ வேண்டும். பெரும்பாலும் நாம என்ன பண்ணுவோம்? கீ, டைம்அவுட், பிழை வந்தால் மறுபடி கேட்பது என்று அதே பத்து வரியை ஒவ்வொரு ஸ்கிரீனிலும் ஒட்டுவோம். கீ மாறினால் எல்லா இடத்திலும் திருத்தணும். ஒண்ணை விட்டால், ரிவ்யூ அன்னைக்கு அதுதான் காலை வாரும்.

இந்தத் தலைவலி கணினி பிறந்த நாளிலிருந்தே உண்டு. அதுக்கு மருந்து கண்டுபிடிச்சவர்களில் முதன்மையானவர் டேவிட் வீலர்.

1927 பிப்ரவரி 9 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்து 1948இல் பட்டம் பெற்றார். அங்கே மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் எட்சாக் என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. 1949 மே 6 அன்று அது முதல் புரோகிராமை ஓட்டியது. கீபோர்டு இல்லை. துளையிட்ட காகித டேப்தான் புரோகிராம். அந்த டேப்பை உள்ளே ஏற்றுகிற 31 கட்டளைகளை எழுதியவர் வீலர். அப்போது அவருக்கு வயது 22. நம்ம சீனியர் அண்ணன்களோட வயசுதான்!

கணினி ஓட ஆரம்பித்ததும் ஒரு உண்மை தெரிந்தது: மனிதர்கள் நிறையத் தப்பு பண்றாங்க. வில்க்ஸ் எழுதிய 126 வரி புரோகிராம் ஒன்றில் சுமார் 20 பிழைகள். ஒரு தடவை சரியா எழுதினதை ஏன் எல்லோரும் மறுபடி எழுதணும்? சப்ரூட்டீன்களைச் சேர்த்து ஒரு லைப்ரரி அமைக்கும் வேலை வீலரிடம் வந்தது.

அதில் ஒரு சிக்கல். சப்ரூட்டீன் வேலையை முடித்ததும் எங்கே திரும்பணும்? எட்சாக்கில் அதுக்குத் தனி வசதி கிடையாது. வீலரின் வழி எளிமையானது. அழைக்கிற புரோகிராம், தான் நிற்கும் இடத்தைக் கையோடு கொடுத்தனுப்பும். சப்ரூட்டீன் அதை வைத்துத் திரும்பும் கட்டளையைத் தானே தயாரித்து, தன் கடைசி வரியில் எழுதிக்கொள்ளும். இதற்கு வீலர் ஜம்ப் என்றே பெயர் நிலைத்தது.

லைப்ரரி டேப்கள் ஓர் அலமாரியில் இருந்தன. வேண்டியதை எடுத்துத் தன் டேப்பில் நகல் துளையிட்டுக்கொள்ளலாம். 1951இல் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். அதே வருஷம் வீலர் பிஎச்டி முடித்தார். கணினி அறிவியலில் உலகின் முதல் பிஎச்டி என்று பலர் சொல்வது இதைத்தான்.

அந்த லைப்ரரியில் இன்னொரு விஷயம் இருந்தது. வகைக்கெழுச் சமன்பாடு தீர்க்கிற சப்ரூட்டீனுக்கு உங்க சமன்பாடு தெரியாது. அதை நீங்க ஒரு துணை சப்ரூட்டீனாக எழுதிக் கொடுக்கணும். தேவையான நேரத்தில் லைப்ரரி அதை அழைத்துக்கொள்ளும். உள்ளே கை வைக்காமல் நம்ம வேலையைச் சொருகலாம்.

இன்றைய ஆக்சியோஸ் லைப்ரரியின் இன்டர்செப்டர் இந்தக் குடும்பம்தான். பைத்தான் ரிக்வெஸ்ட்ஸில் ஹூக், அடாப்டர் என்று வரும். கீயும் டைம்அவுட்டும் ஒரே இடத்தில் இருக்கும். 401 வந்தால் டோக்கன் புதுப்பி, 429 வந்தால் கொஞ்சம் பொறுத்துக் கேள் என்பதையும் அங்கேயே சொருகலாம். ஸ்கிரீன்கள் விலையை மட்டும் கேட்டால் போதும்.

பூதலூர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. யாரும் ஆற்றங்கரையை வெட்டி வயலுக்குத் தண்ணி விடுறதில்லை. அளவைத் தலைமதகு பார்த்துக்கொள்ளும். வயலுக்கு வயல் மடை தனி. நம்ம கோடில்தான் ஆளாளுக்குக் கரையை வெட்டிக்கிட்டு இருக்கோம்.

வீலர் இன்னொன்றும் செய்தார். 1952இல் சப்ரூட்டீன் பற்றிய இரண்டே பக்கக் கட்டுரையில், எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கம் எழுதுவதுதான் லைப்ரரி வேலையில் ஆகக் கடினமானதாக இருக்கலாம் என்று எச்சரித்தார். ரீட்மீ எழுதாமல் ஜூனியரிடம் ப்ராஜெக்டை ஒப்படைக்கிறவங்க இதை ஒருமுறை யோசிக்கணும்.

பிறகு சில காலம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்துவிட்டு கேம்பிரிட்ஜ் திரும்பினார். சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் இவரிடம் ஆய்வு செய்தவர். 1994இல், ஓய்வு பெறும் வயதில், மைக்கேல் பரோஸுடன் சேர்ந்து பரோஸ்-வீலர் மாற்றத்தை வெளியிட்டார். பிஸிப்2 கோப்பைச் சுருக்குவது அதை வைத்துத்தான். ஓய்வுக்குப் பிறகும் ஆய்வகத்துக்குப் போவதை விடவில்லை. 2004 டிசம்பர் 13 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது மாரடைப்பால் காலமானார்.

அவர் அலமாரியில் வைத்த டேப்கள் இன்று ஓடுவதில்லை. ஆனால் இன்று இரவு நீங்க ஒரு லைப்ரரியை இம்போர்ட் பண்ணும்போது திறப்பது அவர் போட்ட அலமாரியின் கதவைத்தான்.