யானை மேல் போய் மரம் எண்ணியவர்



இந்த முறை டீட்ரிச் பிராண்டிஸ் என்பவரைப் பற்றி எழுதுகிறேன். 1824-இல் ஜெர்மனியில் பான் நகரில் பிறந்தவர். தாவரவியல் படித்து, அங்கேயே பாடம் நடத்தி வந்தார்.

1852-இல் பர்மாவில் பெகு பகுதியை ஆங்கிலேயர் பிடித்தார்கள். கப்பல் கட்ட அவங்களுக்குத் தேக்கு வேணும். வியாபாரிகள் பெரிய மரமாகப் பார்த்து வெட்டித் தள்ளினார்கள். மிச்சம் எத்தனை நிற்குது என்று யாருக்கும் தெரியாது. 1856-இல் பிராண்டிஸ் அந்தக் காடுகளுக்கு அதிகாரியாக வந்தார். முதல் வேலையாக எண்ண ஆரம்பித்தார்.

எப்படி தெரியுமா? யானை மேல் ஏறிக் காட்டுக்குள் போவார். மழையில் காகிதம் நனைந்துவிடும். அதனால் ஒரு கையில் நாலு குச்சி, மறு கையில் பேனாக் கத்தி. வழியில் தேக்கைப் பார்த்தால், அது எந்த வகுப்போ அந்தக் குச்சியில் ஒரு வெட்டு! சுற்றளவு 6 அடியும் அதற்கு மேலும் முதல் வகுப்பு. நாலரை அடியிலிருந்து 6 அடி வரை இரண்டாம் வகுப்பு. ஒன்றரை அடியிலிருந்து நாலரை வரை மூன்றாம் வகுப்பு. அதற்கும் சிறியது, கன்று எல்லாம் நான்காம் வகுப்பு. (நம்ம பள்ளி வேப்பமரத்தை நூல் போட்டு அளந்தேன். 5 அடி 2 அங்குலம். இரண்டாம் வகுப்புதான்!)

எனக்கு அந்த நாலாவது குச்சிதான் முக்கியமாகப் படுது. கன்றே இல்லாத காடு, பிள்ளைகளே இல்லாத ஊர் மாதிரி.

இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்புக்கு வர 24 வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டார். அதனால் பெரிய மரங்களில் வருஷத்துக்கு 24-இல் ஒரு பங்குதான் வெட்டலாம் என்று வைத்தார். வியாபாரிகளுக்கு ஒரே கோபம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

மலையில் காட்டை எரித்து நெல் போடுகிற கரேன் மக்களைக் கொண்டு, நெல்லோடு தேக்கையும் நட வைத்தார். இதற்குத் தாங்யா முறை என்று பெயர். நெல் அறுத்து அவர்கள் வேறு இடம் போன பிறகு அங்கே தேக்கு வளரும். அரசாங்கத்துக்குத் தோப்பு கிடைத்தது. கரேன்களுக்கு அந்த நிலம் திரும்பி வரலை. இது மட்டும் எனக்கு நியாயமாகத் தெரியலை.

1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் ஆனார். 1878-இல் டேராடூனில் வனப்பள்ளி தொடங்கக் காரணமாக இருந்தார். 1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்திலும் அவர் யோசனை உண்டு. 1883-இல் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். போயும் சும்மா இருக்கலை! நம் நாட்டு மரங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதி 1906-இல் வெளியிட்டார். அப்போது வயசு 82. அடுத்த வருஷம் பான் நகரிலேயே காலமானார்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி