ஆபீஸையும் விடலை, தியானத்தையும் விடலை... ரங்கூன் கணக்கு அதிகாரி ஊ பா கின்!

காலை 5 மணிக்கு அலாரம் வைத்து, மொபைலில் தியான ஆப்பை ஓடவிட்டு, மூணு நாள் உட்கார்ந்துவிட்டு, நாலாவது நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருக்கா? ஏன் விட்டுட்டீங்க என்று கேட்டால் நாம் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான். வேலை, குடும்பம், நேரமே இல்லை. எல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்.

இப்படித் தள்ளிப்போட நம்மைவிட அதிக நியாயம் இருந்த ஒரு மனிதரின் கதை இது. சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காளர், சயாஜி ஊ பா கின். 'ஊ' என்பது நம்ம ஊர் 'திரு' மாதிரி. 'சயா' என்றால் ஆசிரியர். உங்கள் நண்பர்களில் யாராவது 10 நாள் விபாசனா வகுப்புக்குப் போய்வந்திருந்தால் இந்தப் பெயரைக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார்கள்.

1899-ம் ஆண்டு மார்ச் 6-ம் தேதி ரங்கூனில், உழைப்பாளிகள் வசித்த ஒரு பகுதியில் பிறந்தார். பாடப் புத்தகத்தை வரி விடாமல் ஒப்பிக்கிற அளவுக்கு ஞாபகசக்தி. 1917-ல் பள்ளி இறுதித் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார், கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப்பும் கிடைத்தது. ஆனால், வீட்டில் பணம் தேவைப்பட்டது. கல்லூரிக் கனவை மடித்து வைத்துவிட்டு ஒரு பர்மியப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச நாளிலேயே தலைமைக் கணக்காளர் அலுவலகத்தில் கிளார்க்.

அந்தக் கால ரங்கூன் எப்படி இருந்தது தெரியுமா? பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். நகர மக்களில் பாதிக்கு மேல் தமிழர், தெலுங்கர், வங்காளிகள் என்று இந்தியாவிலிருந்து போனவர்கள்தான். அரசு அலுவலகங்களிலும் பிரிட்டிஷாரும் இந்தியர்களுமே நிறைந்திருந்தார்கள். சொந்த ஊரிலேயே பர்மியர்கள் சிறுபான்மை. அந்த அலுவலகத்தில் படிப்படியாக மேலே வந்தார் ஊ பா கின். 1926-ல் கணக்குத் துறைத் தேர்விலும் பாஸ். கல்யாணம், குழந்தைகள் என வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டது.

1937-ம் ஆண்டு ஜனவரி 1. அப்போது அவருக்கு 37 வயது. சயா தெட்ஜி என்ற ஆசிரியரிடம் தியானம் கற்ற ஒருவர் அன்று அவரைச் சந்தித்தார். மூச்சைக் கவனிக்கும் முறையை விளக்கினார். ஆனாபானம் என்று அதற்குப் பெயர். ஊ பா கின் அங்கேயே உட்கார்ந்து முயற்சி செய்து பார்த்தார். மனசு சட்டென்று ஒருமுகப்பட்டது. நாமாக இருந்தால் சூப்பரா இருக்கே என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். அவரோ இதைக் கடைசிவரை கற்றே தீருவது என்று கிளம்பிவிட்டார். வேலை போனாலும் போகட்டும் என்ற முடிவோடுதான் கிளம்பினார். குடும்பத்தின் வருமானமே அந்தச் சம்பளம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ரங்கூன் ஆற்றுக்குத் தெற்கே பியாப்வேஜி என்ற கிராமம். படகில் ஆற்றைக் கடந்து, முழங்கால் வரை புதையும் சேற்றில் நடந்து, சகதி அப்பிய கால்களோடு போய்ச் சேர்ந்தார். அங்கே இருந்த சயா தெட்ஜி, துறவி இல்லை. வயல் வேலை செய்த விவசாயி. ஒரு காலத்தில் காலரா வந்து தன் மகனையும் உறவினர்களையும் கொண்டுபோனபோது மனசு உடைந்து, அந்த வலிக்கு மருந்து தேடி ஊர் ஊராக அலைந்தவர். லெடி சயாடோ என்ற பெரிய பௌத்தத் துறவியிடம் கற்றுக்கொண்டு, பிறகு தன் ஊரிலேயே சொல்லித்தர ஆரம்பித்தவர். அவரிடம் அன்று ராத்திரியே பாடம் தொடங்கியது.

அங்கே கற்றதை ரொம்பச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பொய், களவு, கொலை, தகாத உறவு, போதை ஐந்தையும் விடுவதாக உறுதிமொழி. அடுத்தது, மூக்கின் கீழே மேலுதட்டுக்கு மேல் இருக்கும் சின்ன இடத்தில் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பது. மூச்சைக் கட்டுப்படுத்தக் கூடாது, மந்திரம் கிடையாது. மனசு ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான். மனசு கூர்மையான பிறகு, தலை முதல் கால் வரை உடம்பில் எழும் உணர்ச்சிகளைப் பார்ப்பது. சூடு, அரிப்பு, வலி, சிலிர்ப்பு எது வந்தாலும் சரி. பிடித்திருந்தால் ஒட்டிக்கொள்ளாமலும், பிடிக்காவிட்டால் விரட்டாமலும், வந்தது போகும் என்று தெரிந்து பார்ப்பதுதான் விபாசனா.

ஊர் திரும்பி அலுவலகம் போனபோது மேஜையில் ஓர் உறை கிடந்ததாம். வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று நினைத்தே பிரித்திருக்கிறார். இருந்தது பதவி உயர்வு ஆணை! இந்தியாவிலிருந்து பர்மா பிரியவிருந்த நேரம் அது. புதிய தணிக்கை அலுவலகத்துக்குச் சிறப்புக் கண்காணிப்பாளராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தியானம் செய்தால் புரமோஷன் கிடைக்கும் என்று தயவுசெய்து இதைப் படிக்காதீர்கள். உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் அவர் படகு ஏறினார்.

1941-ல் வெபு சயாடோ என்ற துறவி, நீ மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு என்றார். மறுநாளே போர்டு மாட்டிவிடவில்லை இவர். வருஷக்கணக்கில் தன் பயிற்சியைத்தான் ஆழமாக்கினார். 1948 ஜனவரி 4, பர்மா சுதந்திரம் அடைந்த நாளில் நாட்டின் தலைமைக் கணக்காளர் ஆனார். உள்நாட்டுப் போர், தள்ளாடும் கஜானா, ஊழல் என்று புது நாட்டுக்கு இருந்த தலைவலியில் பாதி அவர் மேஜைக்குத்தான் வந்திருக்கும். அந்த அலுவலக ஊழியர்களை வைத்தே 1950-ல் ஒரு விபாசனா சங்கம் தொடங்கினார். 1952-ல் ரங்கூனில் சர்வதேச தியான மையம். அங்குள்ள பகோடாவில் நடுவே ஓர் அறை, அதைச் சுற்றி மாணவர்களுக்கு எட்டுச் சின்ன அறைகள். ஓய்வு வயது வந்தும் அரசு விடவில்லை. ஒரே நேரத்தில் பல துறைகளை அவர் தலையில் கட்டியது. 1967 வரை அரசுப் பணியும் வகுப்பும் சேர்ந்தே ஓடின.

1955-ல் அவரிடம் வந்த ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். மாண்டலேயில் பிறந்த இந்திய வியாபாரி எஸ்.என்.கோயங்கா. தாங்க முடியாத மைக்ரேன், அதற்கு மார்ஃபின் ஊசி. அந்த ஊசிக்கே அடிமையாகிவிடுவோமோ என்ற பயத்தில் வந்தார். தலைவலி போகவேண்டும் என்பதற்காக மட்டும் வந்திருந்தால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று ஊ பா கின் திருப்பி அனுப்பிவிட்டார். மனசைச் சுத்தம் செய்ய வா, உடம்பு குணமானால் அது கூடுதல் லாபம் என்பது அவர் கணக்கு. கோயங்கா யோசித்து, தயங்கி, பிறகு வந்து சேர்ந்தார். அந்தக் கறாரான பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏழே நாளில் டென்ஷன் காலி என்று விற்கிற இன்றைய விளம்பரங்கள் சொல்லாத விஷயம் அது. கடுமையான மனச்சோர்வோ, மனநல சிகிச்சையோ உள்ளவர்கள் நீண்ட மௌன வகுப்புகளில் சேரும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வெளிநாடுகளுக்குப் போய்ச் சொல்லித்தர வேண்டும், முக்கியமாக புத்தர் பிறந்து வளர்ந்த மண்ணுக்கு இதைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஊ பா கின்னின் ஆசை. பர்மா அரசு பாஸ்போர்ட் தரவில்லை. 1969-ல் கோயங்காவுக்குத்தான் வழி கிடைத்தது. நரம்புக் கோளாறால் அவதிப்பட்ட அம்மாவுக்காக இந்தியா வந்தவர், ஜூலையில் மும்பையில் முதல் வகுப்பை நடத்தினார். அடுத்தது நம்ம மெட்ராஸில்! சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் இப்போது இருக்கும் மையமும் அதே வரிசையில் வந்ததுதான். 1971 ஜனவரி 19-ம் தேதி ஊ பா கின் ரங்கூனில் இறந்தபோது, அவருடைய மாணவர் இந்தியாவில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.