அணுவால் விளக்கேற்றிய மேதை ஹோமி பாபா

சைக்கிளில் டைனமோ விளக்கு எரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சக்கரம் உரச உரச டைனமோவின் தலை சுற்றும். விளக்கு எரியும்.

ஆனால் டைனமோவைத் தட்டிவிட்டதும் பெடல் சற்றுக் கனமாகிவிடும். விளக்குக்கு மின்சாரம் சும்மா வருவதில்லை. மிதிப்பவரின் காலில் இருந்து வருகிறது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் ஒரு காலத்தில் இப்படி விளக்கு எரிய வீடு திரும்பியவர்கள் ஏராளம். சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. ரெயில் நிலையம் வரை சைக்கிள். அங்கிருந்து மின்சார ரெயில். இதுவே பல குடும்பங்களின் அன்றாட வாழ்க்கை ஆயிற்று.

சைக்கிளை ஓட்ட ஒருவருடைய கால் போதும். ரெயிலை ஓட்ட எத்தனை பேருடைய கால் வேண்டும்? வீடுதோறும் விளக்கு எரியவும், ஆலைதோறும் எந்திரம் ஓடவும் அவ்வளவு சக்திக்கு எங்கே போவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர், விஞ்ஞானி ஹோமி பாபா.

தந்தை போட்ட நிபந்தனை

ஹோமி பாபா 1909-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி பம்பாயில் பிறந்தார். செல்வம் மிகுந்த பார்சி குடும்பம். தந்தை ஜஹாங்கீர் பாபா, வக்கீல். அத்தை மெஹர்பாய், டாட்டா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். சர் டோராப்ஜி டாட்டா அவருடைய கணவர்.

பையன் என்ஜினீயர் ஆகவேண்டும், ஜாம்ஷெட்பூரில் உள்ள டாட்டா இரும்பு ஆலையில் பெரிய பதவி வகிக்கவேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை. 1927-ல் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் என்ஜினீயரிங் படிப்பில் சேர்ந்தார்.

ஆனால் பாபாவின் மனம் பவுதிகத்தில் இருந்தது. தந்தைக்குத் தம் விருப்பத்தை எழுதினார். தந்தை கோபிக்கவில்லை. முதலில் என்ஜினீயரிங்கில் முதல் வகுப்பில் தேறவேண்டும். பிறகு பவுதிகம் படிக்கலாம், செலவைத் தாமே ஏற்பதாக நிபந்தனை போட்டார்.

1930-ல் பாபா முதல் வகுப்பில் தேறினார். தந்தையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

வானவெளியில் இருந்து பூமிக்கு வரும் காஸ்மிக் கதிர்களைப் பற்றிப் பாபா ஆராய்ந்தார். உலக விஞ்ஞானிகள் நடுவே அவர் பெயர் பரவியது.

யுத்தம் மாற்றிய வழி

1939-ல் விடுமுறைக்காக இந்தியா வந்தார். அப்போது இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. அவரால் இங்கிலாந்து திரும்ப முடியவில்லை.

பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே பவுதிகத் துறைக்குத் தலைவராக இருந்தவர், நோபல் பரிசு பெற்ற நம் தமிழ்நாட்டு மேதை சி.வி.ராமன். 1941-ல் பாபா லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அப்போது அவருக்கு வயது 31.

சீமையில் அவருக்குப் பதவியும் புகழும் காத்திருந்தன. ஆனாலும் தாய்நாட்டிலேயே தங்கிவிட முடிவு செய்தார். 1944-ல் டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அணுவில் இருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும். அப்போது நிபுணர்களுக்காக இந்தியா வெளிநாட்டை எதிர்பார்க்கக்கூடாது என்பது அவர் வாதம். அணுவால் மின்சாரம் எடுக்கும் நிலையம் உலகில் எங்குமே இல்லாத காலம் அது!

அதன் பயனாக 1945-ல் டாட்டா ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. 1948-ல் பிரதமர் நேரு அணுசக்திக் கமிஷனை அமைத்து, அதற்குப் பாபாவைத் தலைவர் ஆக்கினார்.

அரைக் குதிரையின் கணக்கு

1955-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெனீவா நகரில் அணுசக்தி மாநாடு நடந்தது. 70-க்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பாபா.

அங்கே அவர் ஒரு கணக்கை எடுத்து வைத்தார். கடுமையாக உழைக்கும் ஒரு மனிதன் நாள் முழுவதும் பாடுபட்டாலும், அரைக் குதிரைசக்தி கொண்ட மோட்டார் ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலையைத்தான் செய்யமுடியும் என்பதே அந்தக் கணக்கு.

இதை நம் வீட்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அதாவது, ஒரு மின்விசிறி ஐந்து மணி நேரம் சுற்றுவதற்கான சக்தி. ஒரு மனிதனின் ஒரு நாள் வேர்வை அவ்வளவுதான்!

உடம்பின் உழைப்பை மட்டும் நம்பியிருந்த பழங்காலத்தில் ஒரு சிலர் சுகமாக வாழ, பலர் அடிமைகளாக உழைக்க வேண்டியிருந்தது என்று பாபா விளக்கினார். எல்லோரும் நன்றாக வாழவேண்டுமானால் மனித உடம்புக்கு வெளியே சக்தி தேடவேண்டும். நிலக்கரி என்றைக்கும் இருக்காது. ஆகவே அணுசக்தி வேண்டும் என்பது அவர் முடிவு.

இந்தியாவில் அன்று பெரும்பாலான அடுப்புகளில் விறகும் வறட்டியும்தான் எரிந்தன. நிலக்கரிச் சுரங்கங்களில் பெரும்பாலானவை வடகிழக்கே, பீகாரிலும் வங்காளத்திலும் இருந்தன. நிலக்கரி எட்டாத இடங்களில் அணுமின் நிலையம் கட்டவேண்டும் என்று பாபா திட்டமிட்டார்.

மணவாளக்குறிச்சி மணல்

1956-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி பம்பாயை அடுத்த டிராம்பேயில் அப்சரா என்ற அணு உலை இயங்கியது. தண்ணீருக்குள் நீல ஒளி வீசிய அந்த உலைக்குப் பெயர் சூட்டியவர் நேரு.

அணு உலை என்றால் என்ன? அதுவும் ஓர் அடுப்புதான். விறகுக்குப் பதில் யுரேனியம். அணு பிளக்கும்போது வெப்பம் உண்டாகிறது. வெப்பம் தண்ணீரை நீராவி ஆக்குகிறது. நீராவி ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் சுற்றினால் மின்சாரம் வருகிறது. சைக்கிள் டைனமோவுக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. அங்கே கால் சுற்றுகிறது. இங்கே நீராவி சுற்றுகிறது.

இந்தியாவில் யுரேனியம் குறைவு. தோரியம் நிறைய உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அது கலந்திருக்கிறது. ஆனால் பச்சை விறகைப் போல, தோரியம் உடனே எரியாது. முதலில் அணு உலையில் வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும். இதற்காக மூன்று படிகள் கொண்ட திட்டத்தைப் பாபா வகுத்தார். முதல் படி யுரேனியம். இரண்டாம் படி, அதில் இருந்து கிடைக்கும் புளூட்டோனியம். மூன்றாம் படி தோரியம்.

மலையில் மோதிய விமானம்

1966-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி. வியன்னாவில் நடக்க இருந்த அணுசக்திக் கூட்டத்துக்காகப் பாபா ஏர் இந்தியா விமானத்தில் சென்றார். ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மான்ட் பிளாங்க் சிகரத்தில் விமானம் மோதியது. அதில் இருந்த 117 பேரும் மாண்டார்கள். பாபாவுக்கு அப்போது வயது 56. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1969-ல், தாராப்பூர் அணுமின் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோ மீட்டரில், கல்பாக்கம் கடற்கரையில், இந்தியர்களே சொந்தமாகக் கட்டிய முதல் அணுமின் நிலையம் எழுந்தது. முதல் உலை 1984-லும் இரண்டாவது உலை 1986-லும் வர்த்தக ரீதியான மின் உற்பத்தியைத் தொடங்கின. ஒவ்வொன்றும் 220 மெகாவாட்.

அப்படி ஓர் உலை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 லட்சத்து 20 ஆயிரம் யூனிட் கிடைக்கும். பாபாவின் கணக்குப்படி, ஏறத்தாழ 6 லட்சம் பேர் ஒரு நாள் முழுவதும் உழைப்பதற்கு அது சமம்.

பலித்ததும் பலிக்காததும்

பாபா கண்ட கனவு முழுவதும் பலிக்கவில்லை. அவர் நினைத்த வேகத்தில் உலைகள் எழவில்லை. நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு இன்றும் நூற்றுக்கு மூன்று என்ற அளவில்தான் இருக்கிறது. இரண்டாம் படிக்காகக் கல்பாக்கத்தில் 2004-ல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் உலையில், 2024-ல்தான் உள்ளகத்தை நிரப்பும் பணி தொடங்கியது.

அச்சமும் உண்டு. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி கல்பாக்கத்தைத் தாக்கியது. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பலியாயின. 2011-ல் ஜப்பானில் புகுஷிமா விபத்து நடந்தது. அதே ஆண்டு கூடங்குளம் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை மக்கள் போராடினார்கள். எரிந்து முடிந்த எரிபொருளை நீண்ட காலம் காப்பாற்றி வைக்கவேண்டும் என்ற கவலையும் தீரவில்லை.

சைக்கிளைப் பற்றிப் பாபா திட்டம் வகுக்கவில்லை. ஆனால் அவர் போட்ட கணக்கு சைக்கிளின் பெருமையையும் காட்டுகிறது. நடந்தால் ஒரு மணியில் 5 கிலோ மீட்டர் போகலாம். ஏறக்குறைய அதே சிரமத்தில் சைக்கிளில் 15 கிலோ மீட்டர் போகலாம். மனிதனிடம் உள்ள சிறிய சக்தியை மூன்று மடங்கு தூரம் இழுத்துச் செல்கிறது சைக்கிள். அதற்குப் பெட்ரோல் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

ரெயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆலைக்கும் கால்பலம் போதாது. அங்கே மின் நிலையம் வேண்டும். சேலையூரில் இருந்து தாம்பரம் நிலையத்துக்குப் போக மின் நிலையம் வேண்டாம். கால் போதும். ஒன்று சக்தியைப் பெருக்குகிறது. மற்றொன்று மிச்சம் பிடிக்கிறது. இரண்டும் நாட்டுக்கு வேண்டும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணம் இல்லாமல் வழங்கும் திட்டம் 2016-ல் தொடங்கியது. பாபாவின் கணக்கில் அது 268 பேர் ஒரு நாள் வேர்வை சிந்தி உழைப்பதற்குச் சமம். ஆள் இல்லாத அறையில் விளக்கும் விசிறியும் ஓடினால், அத்தனை பேருடைய உழைப்பில் ஒரு பங்கு வீணாகிறது என்று பொருள். அதை அணைக்க ஒரு விரல் போதும்.