பாட்டுக்காக ஜெயிலுக்குப் போன சிவகாசி ‘ராஜபார்ட்’: யார் இந்த விஸ்வநாத தாஸ்?

வெள்ளைக்காரன் போலீஸ் ஒரு பக்கம், சாதி இன்னொரு பக்கம். இரண்டையும் மேடையிலேயே எதிர்கொண்ட ஒரு பாடகரின் கதை.

ப்ரொடெஸ்ட் மியூசிக்னு சொன்னதும் ராக் ரசிகர்கள் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது பாப் டிலன். அவர் பிறந்தது 1941 மே மாதம். அதற்குச் சுமார் ஐந்து மாதம் முன்பு, 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடந்துகொண்டிருந்தது. மயில் மேல் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். உயிர் மேடையிலேயே போய்விட்டது.

அவர்தான் விஸ்வநாத தாஸ். வயது 54. சொந்த ஊர் சிவகாசி.

பட்டாசுக்கு முந்தைய சிவகாசி

தாஸ் பிறந்தது 1886-ல். அப்போது சிவகாசியில் பட்டாசும் கிடையாது, காலண்டர் அச்சகமும் கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததே 1920-களின் தொடக்கத்தில்தான். மழையை நம்பியிருந்த கரிசல் பூமி. கோயில் திருவிழா வந்தால் விடிய விடிய நாடகம். ஜனங்களுக்கு அதுதான் கச்சேரி, அதுதான் சினிமா.

முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் தாஸ். சின்ன வயதிலேயே நாடகத்துக்குள் வந்தார். பிறகு குடும்பத்தோடு மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில் வாழ்ந்தார். நல்ல குரல்வளம். மைக் பரவலாக இல்லாத காலம் என்பதால், கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாடுபவர்தான் ராஜபார்ட்டாக நிற்க முடியும். தாஸ் நின்றார்.

‘ஸ்பெஷல் நாடகம்’னா என்ன?

தாஸின் கதை புரிய இது தெரிந்தாக வேண்டும். ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தர கம்பெனி கிடையாது. காண்ட்ராக்டர் ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட், இன்னொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறொரு ஊரிலிருந்து பபூன்னு தனித்தனியாக புக் பண்ணுவார். எல்லோரும் அன்று இரவுதான் மேடையில் சந்திப்பார்கள். ரிகர்சல் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’ மாதிரியான நாடகங்கள் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால் அது சாத்தியமானது.

கதை தெரிந்தது. ஆனால் பேச்சும் பாட்டும் அந்த இரவு எப்படிப் போகும்னு யாருக்கும் தெரியாது. நடிகர் நினைத்தால் நடுவில் புதுப் பாட்டைச் செருகலாம். தடுக்க டைரக்டர் இல்லை. தாஸ் பிடித்துக்கொண்ட இடைவெளி இதுதான்.

கொக்கு எப்படி குற்றமானது?

வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கே தாஸ் ஒரு கொக்குப் பாட்டைப் பாடுவார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியதாகச் சொல்லப்படும் பாட்டு. கேட்க சாதாரணப் பறவைப் பாட்டுதான். ஆனா வெளியூரிலிருந்து வந்து இங்குள்ளதைத் தின்றுவிட்டுப் போகும் வெள்ளைக் கொக்கு யார்னு கூட்டத்துக்குத் தெரியும். கைதட்டல் கிளம்பும். ‘ஒன்ஸ் மோர்’ கேட்பார்கள். 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த பிறகு அதைப் பற்றியும் பாடினார். மேடையில் கதர் உடுத்தினார். பேப்பர் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பஞ்சாபில் நடந்த செய்தி இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

அரசாங்கத்துக்கு இது பெரிய தலைவலி. நாடகங்களைத் தடை செய்ய 1876-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் முருகன் கதையை என்ன சொல்லித் தடை செய்வது? எழுத்தில் குற்றம் இல்லை, பாடும் நிமிடத்தில்தான் இருந்தது. அதனால் போலீஸ்காரர்கள் நாடகத்துக்கே வந்து கவனிக்க வேண்டியதாயிற்று. மேடையிலேயே கைதுகள் நடந்தன. அவர் 29 முறை சிறைக்குப் போனதாக வாழ்க்கை வரலாறுகள் கணக்குச் சொல்கின்றன. வெளியே வந்ததும் அடுத்த ஊரில் அதே பாட்டு.

ஒவ்வொரு கைதும் பாக்கெட்டிலும் அடித்தது. ஸ்பெஷல் நாடகத்தில் மாதச் சம்பளம் இல்லை. மேடை ஏறினால்தான் காசு. உள்ளே இருக்கும் நாட்களில் வீட்டுக்கு வருமானம் இல்லை. அவர் கைதாவார்னு பயந்தால் காண்ட்ராக்டரும் யோசிப்பார்.

போலீஸைவிட கஷ்டமான எதிரி

இன்னொரு சண்டையும் இருந்தது. அது சக கலைஞர்களோடு. சாதியைக் காரணம் காட்டி அவருக்கு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். முருகன் கையால் வள்ளி மாலை வாங்க வேண்டும், கைபிடிக்க வேண்டும். முருகனாக நிற்பவர் தாஸ் என்றால் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு இரவும் ஒவ்வொருவரைத் தனியாக புக் பண்ணும் முறை இங்கே அவருக்கு எதிராகத் திரும்பியது. ஒரு ஸ்திரீபார்ட் மறுத்தாலே அன்றைய நாடகம் ஆட்டம் காணும்.

இத்தனைக்கும் ‘வள்ளி திருமணம்’ என்ன கதை? கடவுள், வேடர் குலப் பெண்ணைத் தேடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்ளும் கதை. அதை ராத்திரி முழுக்க ரசித்த ஊர்களில்தான் இதுவும் நடந்தது. தாஸ் ஒதுங்கிப் போகவில்லை. அவரோடு நடிக்கத் துணிந்த நடிகைகளும் இருந்தார்கள். அவர்களை வைத்துத் தொடர்ந்து மேடை ஏறினார்.

கடைசி இரவு

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. 1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்க, அந்த மந்திரிசபை ராஜினாமா செய்தது. நிர்வாகம் மறுபடி கவர்னர் கைக்குப் போனது. போர்க்காலச் சட்டங்களால் அரசை எதிர்த்துப் பேசுவது இன்னும் ஆபத்தானது. அந்தச் சூழலில்தான் ராயல் தியேட்டர் நாடகம். சுதந்திரம் வர இன்னும் ஆறரை வருஷம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

இன்னைக்கு என்ன மிச்சம்?

திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. மதுரை, விருதுநகர், புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ இன்னும் விடிய விடிய நடக்கிறது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் இன்னும் தனித்தனியாகத்தான் புக் ஆகிறார்கள்.

தாஸைப் பற்றிப் பேசும்போது தியாகி என்ற பட்டம் முதலில் வரும். அது சரிதான். ஆனா கூட நடிக்க மறுத்தவர்களுக்கு முன்னால் தொடர்ந்து முருகனாக நின்றதும் அதே அளவு துணிச்சல். வெள்ளைக்காரனுக்கு எதிரான பாட்டுக்குக் கைதட்ட ஆயிரம் பேர் இருந்தார்கள். இந்தச் சண்டையில் அவர் பக்கம் நின்றவர்கள் ரொம்பக் குறைவு.