ஜகதீச சந்திர போஸ்

செடிகளை ஆராய்ந்தவர் என்றுதான் இவரைப் படிக்கிறோம். ஆனா நாம காதுல மாட்டுற ஹெட்போனுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு.

1858-ல் வங்காளத்தில் பிறந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வெள்ளைக்கார ஆசிரியருக்குக் கொடுத்த சம்பளத்தை இவருக்குக் கொடுக்கவில்லை. மூன்று வருஷம் சம்பளமே தொடாமல் பாடம் நடத்தினார்! கடைசியில் முழுப் பாக்கியும் வந்தது.

1895-ல் கம்பியே இல்லாமல் தூரத்தில் மணி அடிக்க வைத்தார். 1899-ல் பாதரசக் கருவியோடு டெலிபோன் ரிசீவரைச் சேர்த்து, அலை வருவதைக் காதால் கேட்கலாம் என்று எழுதினார். 1901-ல் அட்லாண்டிக் கடல் தாண்டி வந்த சிக்னலை மார்க்கோனி கேட்டதும் அந்த மாதிரி கருவியில்தான். 1909-ல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது. காப்புரிமை, பணம் என்று போஸ் அலையவில்லை. 1937-ல் இறந்தார்.

கேம் விளையாடும் அண்ணன்கள் கவனிக்க: ஹெட்போனில் எழுதியிருக்கும் போஸ் இவர் இல்லீங்க. அவர் அமர் போஸ், 1964-ல் அமெரிக்காவில் கம்பெனி ஆரம்பித்தவர்.

- 9-ஆம் வகுப்பு மாணவி