நாடு இல்லாமற்போன தூதர்: யி பொம்-ஜின்

1911 ஜனவரி 26 ஆம் திகதி ரஷ்யத் தலைநகர் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ஒரு கொரியத் தூதர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயர் யி பொம்-ஜின். அவரைத் தூதராக அனுப்பிய நாடு அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே உலக வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்டிருந்தது.

கொரியா என்றால் இன்று எங்கள் இளையவர்களுக்குத் தொலைக்காட்சித் தொடரும் வேலைக்கான மொழிப் பரீட்சையும்தான் நினைவுக்கு வரும். எனக்கு அந்த நாட்டின் வரலாற்றில் ஆர்வம் வந்தது 1907 ஆம் ஆண்டின் ஹேக் மாநாட்டைப் பற்றி வாசித்தபோது. அங்கு பேசிய கொரிய இளைஞனின் தகப்பன் யாரென்று தேடப்போய்த்தான் யி பொம்-ஜின்னிடம் வந்து சேர்ந்தேன். ஒரு சிறிய நாடு பெரிய வல்லரசை நம்பிய கதை முழுவதும் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் இருக்கிறது.

அவர் 1852 இல் ஒரு படைத்தளபதியின் மகனாகப் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது, 1860 இல், பீக்கிங் உடன்படிக்கையின் மூலம் ரஷ்யா சீனாவிடமிருந்து பசுபிக் கரையோர நிலத்தைப் பெற்றது. அதோடு துமென் ஆறு ரஷ்யாவுக்கும் கொரியாவுக்கும் எல்லையானது. அரசுகள் பேசத் தொடங்கும் முன்னரே மக்கள் அந்த ஆற்றைக் கடந்துவிட்டார்கள். பஞ்சம் தாங்காத கொரிய விவசாயிகள் 1860களில் ரஷ்யப் பக்கம் போய்க் குடியேறினார்கள். இரு அரசுகளும் 1884 ஜூலை 7 ஆம் திகதிதான் சியோலில் ஒப்பந்தம் செய்தன. ரஷ்யாவின் சார்பில் கையெழுத்திட்ட கார்ல் வேபர், அடுத்த ஆண்டே சியோலில் அதன் முதல் நிரந்தரப் பிரதிநிதியானார்.

கொரிய அரண்மனைக்கு ரஷ்யா தேவைப்பட்டது ஜப்பானைத் தடுப்பதற்காக. அந்தப் போக்கின் மையத்தில் இருந்தவர் அரசி மின். 1895 ஒக்டோபர் 8 ஆம் திகதி ஜப்பானியர்கள் அரண்மனைக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள். சியோலில் இருந்த ஜப்பானியத் தூதர் மியூரா உட்படச் சந்தேக நபர்கள் ஹிரோஷிமாவில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அடுத்த ஜனவரியில், போதிய ஆதாரமில்லையென எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு வியப்பு எதுவும் வரவில்லை. உங்களுக்கும் வராது.

அரசியின் அணியைச் சேர்ந்த யி பொம்-ஜின், மன்னர் கோஜொங்கை அரண்மனைச் சிறையிலிருந்து மீட்க நவம்பரில் நடந்த முயற்சியில் பங்கெடுத்தார். அது தோற்றது. நாட்டை விட்டுத் தப்பியோடி, இரகசியமாகத் திரும்பி வந்தார். இரண்டாவது தடவை திட்டம் பலித்தது. 1896 பெப்ரவரி 11 விடியற்காலை, அரண்மனைப் பெண்கள் பயணிக்கும் மூடுபல்லக்குகளில் மன்னரும் இளவரசரும் ரஷ்யத் தூதரகத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். முதல் நாளே ரஷ்யக் கடற்படையினர் தூதரகக் காவலுக்கு வந்திருந்தார்கள். ஓராண்டுக்கும் சற்று அதிகமாக ஒரு நாட்டின் மன்னர் தன் சொந்தத் தலைநகரிலேயே அந்நியக் கூரையின் கீழிருந்து ஆட்சி செய்தார். யி பொம்-ஜின் நீதியமைச்சரானார்.

அடைக்கலத்துக்கும் விலை இருந்தது. மன்னர் தூதரகத்தில் இருந்த காலத்திலேயே யாலு ஆற்றோரக் காட்டு மரங்களை வெட்டும் உரிமை ஒரு ரஷ்ய வணிகருக்குப் போனது. அதைவிடக் கொடியது மொஸ்கோவில் நடந்தது. புதிய சார் மன்னர் இரண்டாம் நிக்கலஸின் முடிசூட்டு விழாவுக்குக் கொரியா சிறப்புத் தூதரை அனுப்பி உதவி கேட்டது. அதே நாட்களில் அதே நகரில் ரஷ்யாவும் ஜப்பானும் கொரியாவைப் பற்றி உடன்படிக்கை செய்துகொண்டன. இரு நாட்டுப் படைகளும் கொரியாவுக்குள் வந்தால் மோதாமல் எப்படி இடம் பிரித்து நிற்பது என்பதற்கும் அதில் இரகசிய விதி இருந்தது. கொரியரிடம் எவரும் கேட்கவில்லை.

யி பொம்-ஜின் 1896 இல் வொஷிங்டனுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கு மாற்றப்பட்டு, அங்கு தங்கியிருந்த கொரியத் தூதரானார். 1904 இல் ரஷ்ய-ஜப்பானியப் போர் வெடித்தது. நடுநிலை அறிவித்திருந்த கொரியாவுக்குள் ஜப்பானியப் படை இறங்கியது. தூதரை நாடு திரும்புமாறு உத்தரவு வந்தது. அந்த உத்தரவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் போகவில்லை. 1905 இல் தோற்ற ரஷ்யா, போர்ட்ஸ்மவுத் ஒப்பந்தத்தில் கொரியா மீது ஜப்பானுக்குள்ள மேலாதிக்கத்தை ஏற்றுக்கொண்டது. அதே நவம்பரில் கொரியாவின் வெளியுறவு உரிமையை ஜப்பான் பறித்தது. அன்றிலிருந்து அவர் சட்டப்படி யாருக்கும் தூதர் அல்ல.

1907 இல் ஹேக்கில் இரண்டாவது சமாதான மாநாடு கூடியது. கோஜொங் இரகசியமாக அனுப்பிய மூவரில் ஒருவர் யி பொம்-ஜின்னின் மகன் யி வி-ஜொங். மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு ரஷ்யர். ஆயினும் கொரியருக்குக் கதவு திறக்கவில்லை. பெரிய மண்டபங்களுக்கு வெளியே பதாகையோடு நின்ற அனுபவமுள்ளவர்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்கத் தேவையில்லை. யி வி-ஜொங் பத்திரிகையாளர்களிடம் போனார். அவர்கள் முன் பிரெஞ்சு மொழியில் தன் நாட்டின் வழக்கை எடுத்துச் சொன்னார். ஊடகக் கற்கைகள் படித்தவள் என்பதால் இந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். செய்தி வெளியானது, அனுதாபம் கிடைத்தது, வாக்கு எதுவும் மாறவில்லை. மூவரில் ஒருவரான யி ஜுன் ஹேக்கிலேயே இறந்தார். கோஜொங் முடி துறக்க வைக்கப்பட்டார். அந்த மாதம் முடியும் முன்னரே, கொரியாவில் ஜப்பானுக்குத் தடையாக நிற்பதில்லையென ரஷ்யா இரகசியமாக எழுதிக்கொடுத்தது.

அதற்குப் பிறகு யி பொம்-ஜின் தன் பார்வையை அரசுகளிடமிருந்து தன் மக்களிடம் திருப்பினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1908 இல் மகனைத் தூரகிழக்குக்கு அனுப்பினார். அங்கு துமென் ஆற்றைக் கடந்த விவசாயிகளின் பிள்ளைகள் எதிர்ப்புப் படை திரட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்காக மகனின் கையில் 10,000 ரூபிள் கொடுத்துவிட்டார்.

1910 ஓகஸ்ட் 29 இல் கொரியா ஜப்பானோடு இணைக்கப்பட்டது. இறப்பதற்கு முன் அவர் தன் மன்னருக்கும் சார் மன்னருக்கும் விடைக் கடிதங்கள் எழுதினார். எஞ்சிய பணத்தை ரஷ்யத் தூரகிழக்கிலும் அமெரிக்காவிலும் ஹவாயிலும் இருந்த கொரியர்களுக்குச் சேரும்படி செய்தார். அவரது மரணத்தை வீரமென்று கொண்டாட எனக்கு மனமில்லை. எங்கள் மண்ணில் அப்படி இழந்தவர்கள் போதும். ஆனால் அந்தப் பணம் போன முகவரிகளை நான் மறக்கமாட்டேன். ரஷ்யாவின் நட்பு, ஜப்பானோடு அதற்குப் பகை இருந்த வரைக்கும்தான் நீடித்தது. சியோலிலும் மொஸ்கோவிலும் ஹேக்கிலும் அதைக் கண்ட ஒரு கிழவர், கடைசியில் நம்பிக் கொடுத்தது சிதறிக் கிடந்த தன் சனத்திடம்தான். அவரது உடல் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலேயே புதைக்கப்பட்டது.